வந்துடும், இருங்க

போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில், உங்களில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அடுத்து, வெளிவராமலே போன ஒரு படத்திலிருந்து ஓர் அபூர்வமான பாடல்" என்றார். நான் அப்போது பாயசத்தில் இருந்தேன். கிடாரில் முதல் நாலு அடி விழுந்ததுமே டம்ளரைக் கீழே வைத்தேன். வைத்த வேகத்தில் பக்கத்து இலைக்காரரின் வேட்டி பாயசமானது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மேடையில் இருந்தவரிடம் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் நினைத்தேன். எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. அவர் சொன்னது பொய். ஆனால் அந்தப் பொய்யைப் பெற்றவன் நான். அவர் அதைத் தூக்கி வளர்க்கிறார், அவ்வளவுதான்.

அது எந்தப் படத்துப் பாட்டும் இல்லை. வெளிவந்த படத்துப் பாட்டும் இல்லை, வெளிவராத படத்துப் பாட்டும் இல்லை. இன்னிசைக் குழுக்களுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதிவைக்கிறேன். கிடாரை எப்படிப் பிடிப்பது என்று சொல்லமாட்டேன். அதை என்னைவிட நன்றாகவே பிடிக்கிறீர்கள். மைக்கைப் பிடித்திருக்கும்போது வாயை எப்படிப் பிடித்துவைப்பது என்பதுதான் விஷயம்.

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் எங்கள் குழுவில் ஒன்பது பேர். நான் கிடார். செங்கம் ரோடில், ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், தன்னைத் தேடுவதற்கு இந்தக் கிடார் இடைஞ்சலாக இருக்கிறது என்று சொல்லி அதை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அவருக்கு இடைஞ்சல் தீர்ந்தது. எங்கள் தெருவுக்கு ஆரம்பித்தது. கூடவே நாலைந்து கேசட்டும் கொடுத்தார். அதில் இருந்தவர்கள் பாடுகிற மாதிரித் தெரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரனோடு வாய்க்கால் தகராறு செய்கிற மாதிரி இருந்தது. எனக்கு உடனே பிடித்துவிட்டது. இது தவிர, நாலு புத்தகம் படித்தவன் என்ற குற்றத்துக்காக மேடையில் அறிவிப்புச் செய்யும் தண்டனையும் எனக்கே கிடைத்திருந்தது.

குழுவை நடத்தியவரை மாஸ்டர் என்போம். ஆர்மோனியம் வாசிப்பார். தொழிலைப் பற்றி அவர் எங்களுக்குச் சொன்னது ஒரே வரிதான்: "கேட்ட பாட்டை, கேட்ட மாதிரி குடு." எங்கள் தொழிலில் ஆகப் பெரிய பாராட்டு 'அச்சு அசல்' என்பது. ரேடியோவில் கேட்டது மேடையிலும் கேட்டால் அச்சு அசல். ஒரு முறை இடையிசையில் நாலே நாலு சுரம் என் சொந்தச் சரக்காகச் சேர்த்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடையேறி வந்து, "ரெக்கார்டுல இது இல்லியே தம்பி?" என்று கேட்டார். வரதட்சணையில் கிராம் குறைந்த மாதிரி முகம். மாஸ்டர் அசரவில்லை. "கிடாரு புதுசுங்க, கொஞ்சம் வழியுது" என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து நான் வழியவில்லை.

எங்கள் குழுவில் பெண் குரலுக்கு இருந்தவள் பிரபாவதி. பகலில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பக்கத்துக் கிராமத்துச் சமண நயினார் வீட்டுப் பெண். பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டாள். கச்சேரி முடிந்து நாங்கள் பந்தியில் முண்டியடிக்கும்போது அவள் ஓரமாக உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "உனுக்குப் பசியே எடுக்காதா?" என்று தபேலாக்காரர் ஒரு நாள் கேட்டார். "எடுக்கும். நீங்க சாப்புடறதைப் பாத்தா போயிடும்" என்றாள். அப்படிப்பட்ட வாய்.

அவள் ஒரு நாள் ஒத்திகையில் ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினாள். எழுதியது அவள்தான். மெட்டும் அவளுடையதுதான். பாடிக் காட்டினாள். மேடையில் பாடும் குரலில் பாடவில்லை. மேடும் பள்ளமும் இல்லாமல், எக்ஸ்சேஞ்சில் பேசுகிற தட்டையான குரலில் பாடினாள்.

மழை அங்கே, மணி இங்கே... வந்துடும், இருங்க.
பதினோரு மணி பஸ் கிளம்புது... வந்துடும், இருங்க.
வராதுன்னு ஒரு வார்த்தை என் வாயில வரல. இருங்க, இருங்க, இருங்க.

"இது யாருக்கு?" என்று கேட்டேன்.

நடந்ததைச் சொன்னாள். ஒரு மழைநாள். காலை பத்து மணிக்கு ஒருவர் ஒரு மருந்துக்கடை போனிலிருந்து எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, மெட்ராஸுக்கு டிரங்க் கால் இணைத்துத் தரக் கேட்டார். அங்கே ஆஸ்பத்திரியில் அப்பா கிடக்கிறார், அக்கா வீட்டில் கேட்டு நிலைமை தெரிந்துகொள்ள வேண்டும். பத்தரைக்கெல்லாம் பிரபாவதிக்குத் தெரிந்துவிட்டது, திண்டிவனம் பக்கம் கம்பம் சாய்ந்து கிடக்கிறது, பொழுதோடு லைன் வராது என்று. அந்த மனிதர் திரும்பக் கூப்பிட்டு, "பதினோரு மணிக்கு ஒரு பஸ் இருக்குதும்மா, ஏறிடட்டுமா?" என்று கேட்டார். இவள், "வந்துடும், இருங்க" என்றாள். அவர் இருந்தார். அரைமணிக்கு ஒரு தரம் கேட்டார். அரைமணிக்கு ஒரு தரம் இவள் அதையே சொன்னாள். லைன் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்தது. அப்பா ஆறு மணிக்குப் போயிருந்தார்.

"பஸ் ஏறியிருந்தா நாலு மணிக்குப் போயி மூஞ்சியப் பாத்திருப்பாருண்ணா."

"ஏன் அப்படிச் சொன்னே?"

"பழக்கம். வராதுன்னா கத்துவாங்க. வந்துடும்னா அடங்குவாங்க. ஒரு நாளைக்கு நூறு தபா சொல்றது. அன்னிக்கு ஜாஸ்தி யோசிக்கல."

அந்த மருந்துக்கடைக்கு எதிரே போய் ஒரு நாள் நின்றாளாம். கடைக்காரர், "என்னாம்மா வேணும்?" என்றாராம். தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாளாம். "நேரா சொல்ல வாய் வரல. பாட்டா சொன்னா அவரு காதுல என்னிக்காவது விழும். கேசட்டா போடணும். எம் பேரும் எக்ஸ்சேஞ்சு பேரும் அட்டையில இருக்கணும். அப்பதான் யாரு சொல்றாங்கன்னு தெரியும்." அவள் கேட்டது அது ஒன்றுதான்.

மாஸ்டரிடம் கொண்டுபோனோம். முழுதும் கேட்டுவிட்டு, "கேட்ட பாட்டு இல்லியே இது. எதைப் பாத்து அச்சு அசலா குடுப்பீங்க?" என்றார். பிறகு அவரே, "மெட்ராஸ் போய்ப் பதிஞ்சிட்டு வாங்க. கிடாரோட ஸ்பீக்கர் பெட்டிய பஸ் மேல போடாதீங்க" என்றார்.

பஸ் மேலேதான் போட்டோம். மெட்ராஸில், பக்திப்பாட்டும் சோப்பு விளம்பரமும் பதிவுசெய்யும் ஒரு சின்ன ஸ்டுடியோ. கிடாரைப் பெட்டியில் மாட்டித் தந்தியைத் தொட்டால், உள்ளே ஸ்பீக்கர் கிழிந்து, கர்ர்ர் என்று தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம். ஒலிப்பதிவாளர் காதைப் பொத்திக்கொண்டார். நான் மாற்று ஸ்பீக்கர் தேடி ஓடப்போனேன். பிரபாவதி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "இருக்கட்டும்ணா. மழையில லைன் இப்டிதான் இருக்கும்." அப்படியே பதிந்தோம். அவள் தட்டையாகப் பாட, நான் கர்ர்ர் என்று பின்னால் கத்த, கடைசி 'இருங்க' நாற்பது தடவை. ஒலிப்பதிவாளர் முடிவில், "இது பாட்டுதானே சார்?" என்று பணிவாகக் கேட்டார்.

கேசட்டில் ஒரு பக்கம் இந்தப் பாட்டு. மறுபக்கம், எங்களிடம் வேறு பாட்டு இல்லாததால், இதே பாட்டு குரல் இல்லாமல். அட்டையில் அவள் பெயர், ஊர், 'டெலிபோன் ஆபரேட்டர்'. கேட்ட பாட்டைக் கேசட்டில் பதிந்து விற்கும் கஃபூர் பாயின் ரெக்கார்டிங் சென்டரில் கொண்டுபோய் வைத்தோம். அங்கேதான் தொடங்கியது.

பாய் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரே பாட்டா? மிச்ச டேப்பு சும்மாவா ஓடுது?"

"ஒரே பாட்டுதான் பாய்."

கடைப் பட்டியல் நோட்டை எடுத்தார். மூன்று பத்தி: பாட்டு, படம், பாடினவர். முதல் பத்தியை எழுதினார். இரண்டாவதில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எந்தப் படம்?"

"படம் இல்ல பாய்."

"இன்னும் வரலியா?"

"படமே இல்ல. இது வெறும் பாட்டு."

"சாமி பாட்டா?"

"இல்ல."

"கட்சிப் பாட்டா?"

"இல்ல பாய்."

"அப்ப வாங்க வர்றவன் கிட்ட நான் என்னான்னு சொல்லுவேன், கிடாரு?"

எந்தப் படம். இந்த இரண்டு வார்த்தையை நான் அந்த வருஷம் எத்தனை வாயிலிருந்து கேட்டேன்! இந்த நாட்டில் ஒருவன் பல்வலியில் கத்தினால்கூட, ராகம் கொஞ்சம் கூடியிருந்தால் எந்தப் படம் என்று கேட்பார்கள். மனிதனுக்குச் சொந்தமாக ஒரு துக்கம் இருக்கலாம், அதை அவனே பாடலாம் என்பதற்கு நம் ஊரில் பத்தி கிடையாது. பாயை நான் குறைசொல்லவில்லை. அவர் பத்தியைக் காலியாக விட்டார். அது நேர்மை. கேசட்டும் மூன்று வாரம் கடையில் அப்படியே கிடந்தது. அது வியாபாரம்.

பிறகு கீழ்பென்னாத்தூரில் ஒரு திருவிழாக் கச்சேரி. பிரபாவதி இந்தப் பாட்டை மேடையில் பாடியே தீருவேன் என்றாள். மாஸ்டர், "சரி. அஞ்சாவது பாட்டா வை. ஜனம் சூடா இருக்கும்போது எதுவும் எறங்கிடும்" என்றார். அவர் கணக்கு நாலு பாட்டுவரை தவறவில்லை. நாலு பாட்டுக்கு விசில். ஐந்தாவதை நான், அதற்கென்றே வைத்திருந்த அந்தக் கிழிந்த ஸ்பீக்கரில், கர்ர்ர் என்று தொடங்கியதும் கூட்டம் முழுக்க அமைதியானது. ரசிக்கிற அமைதி இல்லை அது. வண்டி நின்றுபோனால் பஸ்ஸுக்குள் வருமே, அந்த அமைதி. பிரபாவதி முதல் வரியைப் பாடி முடிக்கவில்லை, முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"யோவ், இது எந்தப் படம்யா?"

"ரெக்கார்டுல கேட்டதே இல்லியே!"

"ஸ்பீக்கரு கிழிஞ்சிபோச்சு, அத்த மாத்துங்கய்யா மொதல்ல!"

ஒருவன் எழுந்தான். அவனைப் பார்த்து இன்னும் பத்துப்பேர். ஒரு கல் வந்து டிரம்ஸில் பட்டு நல்ல நாதம் எழுப்பியது. மாஸ்டர் ஆர்மோனியத்தை விட்டுக் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிரபாவதியும் என்னைப் பார்த்தாள். மைக் என்னிடம்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் எனக்கு யோசிக்க அவகாசம் இருந்தது. 'அவசரத்தில் வாய் தவறிவிட்டது' என்று பின்னாளில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய். அவள் பெயரைச் சொல்லலாம், நடந்ததைச் சொல்லலாம், கல் வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்பதெல்லாம் வரிசையாக என் மண்டையில் வந்தது. வந்த எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, சிரித்த முகத்தோடு சொன்னேன்:

"பெரியோர்களே, இது புதுப்படம்! இன்னும் பேரு வைக்கல. மெட்ராஸ்ல ரெக்கார்டிங் இப்பதான் முடிஞ்சிது. உங்க ஊருக்குத்தான் முதல்ல குடுக்கறோம்!"

விசில் பறந்தது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். "படம் எப்ப வரும்?" என்று எவனோ கத்தினான்.

"வந்துடும்!" என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். பிரபாவதி என்னைப் பார்க்கவில்லை. பாடினாள். மூன்று முறை 'ஒன்ஸ் மோர்'. இறங்கும்போது ஒரு பெரியவர் அவளைக் கும்பிட்டுச் சொன்னார்: "அச்சு அசல்மா! சினிமாவுல பாடினவங்க மாதிரியே பாடறே."

அவள் திரும்பி வரும்போது வேனில் ஒரு வார்த்தைதான் பேசினாள். "நான் ஒருத்தர் கிட்ட சொன்னேன். நீங்க ஒரு ஊருக்கே சொல்லிட்டீங்க."

"நாளைக்கு மாத்திச் சொல்லிக்கலாம் பிரபா."

"ம். வந்துடும்."

மறுநாள் பாய் கடையில் அந்தக் 'கர்ர்ர் பாட்டு' கேட்டு ஆட்கள் வந்தார்கள். பாய் இரண்டாவது பத்தியில் 'புதுப்படம்' என்று நிரப்பினார். எங்கள் கேசட்டை யாரும் வாங்கவில்லை. ஒரே பாட்டுக்கு யார் கேசட் வாங்குவான்? பன்னிரண்டு சினிமாப் பாட்டோடு பதின்மூன்றாவதாக இதைப் பதிவுசெய்து கொடுக்கச் சொன்னார்கள். கையால் எழுதிய அட்டையில் பாடியவர் பெயருக்கு இடம் இல்லை. டீக்கடையில், மினிபஸ்ஸில், சவரக்கடையில், எங்கும் என் கிழிந்த ஸ்பீக்கர். அந்தப் படத்தின் கதையும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. கதாநாயகி டெலிபோனில் காத்திருக்கிறாளாம், கதாநாயகன் மிலிட்டரியில் இருக்கிறானாம். கிளைமாக்ஸ் மலை உச்சியிலாம். நான் மறுத்தால், "ரகசியம் காக்கறாருப்பா" என்று மரியாதை கூடியது. மறுப்பதும் எனக்குக் கம்மியாகிக்கொண்டே போனது. உண்மையைச் சொல்கிறேன்: பாட்டு ஓடுவது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதும்போதே என் கையை நானே தட்டிவிடலாம் போல இருக்கிறது.

நாலு மாதம் போனது. ஊரில் வணிகர்கள் சங்கத்து ஆண்டுவிழா, பள்ளிக்கூட மைதானம், மாலை ஆறு மணி. கூட்டத்திலிருந்து துண்டுச்சீட்டில் பாட்டுக் கேட்பார்கள் அல்லவா, அப்படி ஒன்பது சீட்டு இந்தப் பாட்டுக்கே வந்திருந்தது. பாடி முடித்ததும் இடைவேளை. மேடைக்குப் பின்னால் நாங்கள் நின்றிருந்த இடத்துக்கு ஒரு மனிதர் வந்தார். கையில் கிரீஸ் கறை. பெரிய தெருவில் சைக்கிள் கடை, பெயர் தேசிங்கு என்றார். பிரபாவதியைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கணும். அந்தப் படத்துல அந்த ஆளு கடைசியில பஸ் ஏறிடறானா?"

எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"இல்ல, எனக்கு இதே மாதிரி ஒண்ணு நடந்துதும்மா. பக்கத்து மருந்துக்கடையில போய் நின்னுட்டு... சரி, அத விடு. படத்துலயாவது ஏறினானான்னு பாக்கணும். நாலு மாசமா டாக்கீஸ்ல போய்க் கேட்டுட்டிருக்கேன். வந்துடும் வந்துடும்றான்."

பிரபாவதியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. குரல் மட்டும் கேட்டது.

"படம் இல்லீங்க. நான்தான் அது."

"எது?"

"எக்ஸ்சேஞ்சுல அன்னிக்கு நான்தான் இருந்தேன். பத்தரைக்கே தெரியும் லைன் வராதுன்னு."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அந்தக் குரல் இது இல்லியேம்மா."

அவள் கண்ணை மூடிக்கொண்டு, அந்தத் தட்டைக் குரலில், "வந்துடும், இருங்க சார்" என்றாள்.

அந்த மனிதர் ஒரு அடி பின்னால் போனார். கொஞ்ச நேரம் கையில் இருந்த கிரீஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தினார். அப்படி ஒரு கத்தல். "ஒரு வார்த்தை! வராதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னாம்மா கொறஞ்சி போயிருப்பே நீ?" தபேலாக்காரர் நடுவில் புகப் போனார். பிரபாவதி கையை நீட்டித் தடுத்தாள். "விடுங்கண்ணா. அவரு பேசட்டும்." அவர் பேசினார். அப்பாவைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, மருந்துக்கடை ஸ்டூலைப் பற்றி. அவள் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. "ஆமாங்க", "சொல்லியிருக்கணுங்க" என்று மட்டும் சொன்னாள். சொல்லிச் சொல்லி அவர் ஓய்ந்தார்.

ஓய்ந்த பிறகு, "அப்ப படம்னு சொன்னாங்களே, அது யாரு சொன்னது?" என்றார்.

மாஸ்டர் என்னைக் காட்டவில்லை. பிரபாவதியும் காட்டவில்லை. நானே, "நான்தாங்க. சும்மா சொன்னேன்" என்றேன்.

தேசிங்கு என்னை நிதானமாகப் பார்த்தார். கோபம்கூட இல்லை, ஒரு சந்தேகம் கேட்கிற குரல்.

"நீங்களும் எக்ஸ்சேஞ்சா சார்?"

என் முப்பது வருஷத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான விமர்சனம் அது.

மாஸ்டர் என் கையில் மைக்கைத் திணித்தார். "போ" என்றார். அவர் எனக்குச் சொன்ன இரண்டாவது பாடம், ஒரே எழுத்து. போனேன். மேடையில் நின்று சொன்னேன்: நீங்கள் கேட்ட அந்தப் பாட்டு எந்தப் படமும் இல்லை, அப்படி ஒரு படமே கிடையாது, எழுதியது, மெட்டுப் போட்டது, பாடியது எல்லாம் பிரபாவதி, அவர் வேலையில் நடந்தது அது, நான் சொன்னது பொய். கீழ்பென்னாத்தூரில் நான் பயந்த அதே அமைதி வந்தது. இந்த முறை அதற்குள்ளேயே நின்றேன். கல் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அதைவிட மோசமானது வந்தது. நடுவரிசையில் ஒருவர் எழுந்து, உண்மையான துக்கத்தோடு கேட்டார்:

"அப்போ படம் நின்னுபோச்சா சார்?"

'ச்சு ச்சு' என்று மைதானம் முழுக்க அனுதாபம். "தயாரிப்பாளருக்கு நஷ்டமாம்" என்று ஒரு கிசுகிசு அப்போதே கிளம்பிவிட்டது. ஒரு பொய்யை ஒரு நொடியில் சொல்லிவிட்டேன். அதைத் திரும்ப வாங்க இந்த மைதானம் போதாது என்று புரிந்தது.

அப்போது ஓரத்தில் ஒரு நாற்காலி கவிழ்கிற சத்தம். தேசிங்கு அதன் மேல் ஏறி நின்றிருந்தார். ஏறும்போதுதான் பக்கத்து நாற்காலியைத் தள்ளியிருக்கிறார். கூட்டத்தைப் பார்த்து, சற்றுமுன் பிரபாவதியிடம் கத்திய அதே குரலில் கத்தினார்:

"யோவ்! படமும் இல்ல, மண்ணும் இல்லய்யா! எனுக்கு நடந்துது! அந்தம்மா பாட்டுய்யா அது! கேளுங்கய்யா!"

பிரபாவதி மேடையேறி மைக் முன்னால் வந்து நின்றாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் தந்தியைத் தொட்டேன். தேசிங்கு நாற்காலியை விட்டு இறங்கவில்லை. பாட்டு முடியும்வரை, பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது என்று திட்டத் திட்ட, அதன் மேலேயே நின்று கேட்டார்.